டிராமில் போன ஐரோப்பா

போன மாதம் லண்டன் மனோர் பார்க்கில், கோயிலுக்குப் பக்கத்து மண்டபத்தில், ‘நான் வாழ்ந்த ஊர்’ என்று ஆளுக்குப் பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லோரும் யாழ்ப்பாணத்து ஊர்களையே பேசினார்கள். நான் எழுந்து, ரஷ்யாவிலுள்ள மாக்னித்தகோர்ஸ்க் என்றேன். சபை முழித்தது. முன்வரிசையில் இருந்த என் அண்ணை மட்டும் முகத்தை மற்றப் பக்கம் திருப்பினார். அவர் என்னைப் பொய்யன் என்று சொல்லத் தொடங்கி முப்பது வருடத்துக்கு மேலாகிறது. அதை ஒரு கை பார்ப்பது என்றுதான் மோர்டனிலிருந்து அவரை இழுத்து வந்திருந்தேன்.

அந்த நகரத்தைப் பற்றி வாய் திறந்தால் எனக்கு மூடத் தெரியாது. வெறும் புல்வெளி, நடுவே ஓர் இரும்பு மலை. அதற்காகவே கூடாரம் அடித்து, உறைபனியில் ஓர் உருக்காலையைக் கட்டினார்கள். ஆசையோடு வந்தவர்களும் உண்டு, காணியைப் பறித்துப் பிடித்து அனுப்பப்பட்ட விவசாயிகளும் உண்டு. பலர் அந்தக் குளிரிலேயே போய்ச் சேர்ந்தார்கள். இரண்டாம் உலக யுத்தத்தில் டாங்கிகளுக்குத் தகடு அங்கிருந்துதான் போனது. கடைசியில் மலையை உலை தின்றேவிட்டது. வெளிநாட்டவருக்கு நெடுங்காலம் பூட்டிக் கிடந்த நகரம் அது. அதைத் திறந்துவிட்ட கையோடு உருக்குத் தொழில் படிக்கப் போய் இறங்கினேன். என்ன கரி, என்ன புகை! விழுந்த பனி மறுநாளே கறுத்துவிடும். எனக்கோ அது சொர்க்கம்.

நடுவில் உரால் ஆறு. ஆலை இருக்கும் கரை ஆசியா, எங்கள் விடுதிக் கரை ஐரோப்பா. காலையில் டிராம் ஏறி ஆசியாவுக்குப் பயிற்சிக்குப் போவேன், பின்னேரம் ஐரோப்பாவுக்குத் திரும்பிச் சோறு காய்ச்சுவேன். அந்தச் சந்தோஷத்தில், “நான் இப்போது ஐரோப்பாவில் இருக்கிறேன்” என்று வீட்டுக்கு எழுதிப் போட்டேன்.

எங்கள் ஆட்களுக்கு ஐரோப்பா என்றால் ஜெர்மனி, பிரான்ஸ், சுவிஸ். அண்ணை யாழ்ப்பாணத்தில் பார்த்த வேலையை விட்டார், ஆள் அனுப்பும் ஏஜென்சியைப் பிடித்தார், நாலு நாடு மாறி பிராங்பர்ட் வந்தார். “ஸ்டேஷனில் நிற்கிறேன், வந்து கூட்டிப் போ” என்று எனக்குத் தந்தி அடித்தார். நானோ ஐரோப்பாவின் கடைசி ஓரத்தில். மூன்று நாள் அங்கேயே காத்திருந்தாராம்.

திரையில் வரைபடத்தைப் போட்டு ஆற்றையும் பாலத்தையும் காட்டினேன். அண்ணை எழும்பினார்.

“இந்தப் பாலத்தாலையோ நீ ஐரோப்பாவுக்குப் போனனீ? டிராமிலை?”

“ஓம் அண்ணை. ஒவ்வொரு நாளும்.”

“விசா?”

“இல்லை.”

சபை விழுந்து விழுந்து சிரித்தது. அவரும் சிரித்தார். எனக்குத் துள்ளவேண்டும் போல் இருந்தது. மேடையை விட்டு இறங்கி அவரிடம் ஓடினேன்.

“அப்ப நீ பொய் எழுதேல்லை,” என்று என் கையைப் பிடித்தார். அவர் கண் நிறைந்திருந்தது. “ஆனா நீ அண்டைக்கு வடிவா விளக்கி எழுதியிருந்தால் நான் வெளிக்கிட்டே இருக்கமாட்டன். ஊரிலை என்னோடை வேலை செய்த பெடியளிலை ஒருத்தனும் சண்டைக்குத் தப்பி இப்ப உயிரோடை இல்லையடா.”