தவக்காலத்தில் வந்த வீக்கம்

குளிக்கும்போதுதான் கையில் தட்டுப்பட்டது. வலது விதை கல்லுப்போல் இறுகியிருந்தது. வலி இல்லை. தவக்காலம் தொடங்கியிருந்த நேரம்.

ஈஸ்டர் கழிந்து எனக்குக் கல்யாணம். மேரியைப் பெண் பார்த்து வந்ததிலிருந்து அவளை நினைக்காமல் நான் படுத்ததில்லை. எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். கோயிலில் வாசகம் வாசிப்பவனும் நானே. உடல் ஆலயம் என்று மைக்கில் வாசித்துவிட்டு இப்படி நினைத்ததற்கு விழுந்த அடி என்று நம்பினேன்.

அதனால் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருந்தேன். சிலுவைப்பாதையை முழங்காலிலேயே முடித்தேன். வீக்கம் அடங்கவில்லை, நான்தான் மெலிந்தேன். ஊரில் பக்தி என்றார்கள்.

ஈஸ்டருக்குப் பின் முதல் ஓலை (திருமண அறிவிப்பு) வாசித்தார்கள். தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும் என்றார் சாமியார். தடை என் வேட்டிக்குள் இருந்தது. மறுநாள் தேனிக்குப் பஸ் ஏறினேன்.

டாக்டர் ஒரு பெண். சுவரைப் பார்த்துக்கொண்டு காட்டினேன். ஏன் இத்தனை தாமதம் என்று கேட்டார். பாவம், தண்டனை என்று உளறினேன்.

"பாவத்துல கட்டி வராது தம்பி. கூச்சத்துல வளரும்" என்றார்.

செமினோமா (விதையில் தோன்றும் ஒருவகைப் புற்று, பெரும்பாலும் குணமாகும்). மதுரையில் அந்த விதையை எடுத்து, கதிர்வீச்சு கொடுத்தார்கள். பிள்ளை பிறக்கலாம், உறுதி சொல்ல முடியாது என்றார்கள். கல்யாணம் தள்ளிப்போனது.

பார்க்க வந்தவர்களிடமெல்லாம் ஆத்தா குடலிறக்கம் என்றாள். மேரி வீட்டுக்கும் அதையே சொல்லச் சொன்னாள். "இதப்போயி யாராச்சும் வெளிய சொல்லுவாகளாடா?"

மறைத்துத் தாலி கட்ட மனம் வரவில்லை. மேரி வீட்டுத் திராட்சைப் பந்தலடியில், அவள் அண்ணி தள்ளி நிற்க, எல்லாவற்றையும் சொன்னேன். பிள்ளை விஷயத்தையும். நான் நம்பிய தண்டனையையும்.

இலை கிள்ளிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "என்னய நெனச்சதுக்குத்தான் வந்துச்சாக்கும்?"

தலையாட்டினேன்.

"நானுந்தான் ஒங்கள நெனச்சேன். எனக்கு ஒண்ணும் வீங்கலையே."

சிரித்துவிட்டுத்தான் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எங்கய்யாகிட்ட நானே பேசிக்கிறேன். மறுக்கா ஓலை வாசிக்கச் சொல்லுங்க" என்றாள்.

மிஞ்சியிருப்பதை மாதம் ஒருமுறை நானே தடவிப் பார்க்க வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. தொட்டதையெல்லாம் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் பாவமென்று சொல்லிவந்த கை இது. எனக்கு மாதம் பிறப்பது இப்போது குளியலறையில்தான். உங்களில் யாருக்காவது கையில் ஏதும் தட்டுப்பட்டால், ஜெபியுங்கள். ஆனால் பஸ்ஸில் உட்கார்ந்து ஜெபியுங்கள்.

கூச்சம் முழுதாகப் போய்விட்டதென்று சொல்லமாட்டேன். இன்றும் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் தொடுகிறேன். அடுப்பை விட்டு வந்து கதவுக்கு வெளியே மேரி நிற்பாள்.

"பாத்தாச்சா?"

பார்த்தாயிற்று என்று நான் சொல்லும்வரை அவள் நகர்வதில்லை.