பெயர் எழுதாத ஜெபக் குறிப்பு

என் மனைவிக்குக் கல்லீரல் கெட்டுவிட்டது என்று டாக்டர் சொன்ன அன்று அவள் கேட்டது ஒன்றுதான். "ஒருவாட்டி அவளப் பாக்கணுங்க. எப்படியாவது வரச் சொல்லுங்க."

எங்கள் மகளைத்தான் கேட்டாள். வேற்று மதத்துப் பையனைக் கட்டிக்கொண்டாள் என்பதற்காக, இனி இந்த வாசலை மிதிக்காதே என்று சொன்னவன் நான். நான்கு வருஷமாக அவளுடைய போன் நம்பரோ விலாசமோ எங்களிடம் இல்லை. இருந்தது ஒரு வலைப்பூ மட்டும். கல்லூரியில் படிக்கும்போது அவளே எனக்குத் திறந்து கொடுத்தது. நான் பத்தாவதோடு தமிழ் டைப்பிங் படித்தவன், கீழ்க்கட்டளையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் கேட்டதைக் கடையில் உட்கார்ந்து அதில் எழுதுவேன். அவள் போன பிறகும் நிறுத்தவில்லை. எங்கிருந்தாவது படிப்பாள் என்று ஒரு நப்பாசை.

அன்றே அதில் எழுதினேன். எங்கள் சபையில் ஜெபக் குறிப்பு வாசிக்கும்போது பெயர் சொல்ல மாட்டார்கள். ஒரு சகோதரர், ஒரு சகோதரி, அவ்வளவுதான். என் கையும் அப்படியே போயிற்று. 'ஒரு சகோதரி மிகவும் பெலவீனமாக இருக்கிறார்கள். ஜெபத்தில் தாங்குங்கள்.' அப்பா யாரைச் சொல்கிறேன் என்று என் பிள்ளைக்குப் புரியாதா என்று நினைத்தேன்.

பெயர் போடாமல் ஒரே ஒருவர் கீழே எழுதியிருந்தார். 'ஜெபிக்கிறேன். உங்கள் வீட்டில் எல்லாரும் நலமா?'

'கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பார்' என்று பதில் போட்டேன்.

மூன்று வாரம் போயிற்று. ஆஸ்பத்திரியில் மனைவிக்கு நினைவு தப்பித் தப்பி வந்தது. சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்யும் அவள் தம்பி கடைக்கு வந்தான்.

"இன்னும் பிளாக்கா மாமா? ஈ காக்கா வராது அங்க. ஊரே இந்தப் பக்கம் வந்தாச்சு" என்று புதிதாக வந்த ஒரு தளத்தில் அக்காவின் போட்டோவைப் போட்டான். நாற்பது பேர் சீக்கிரம் குணமாகட்டும் என்றார்கள். மறுநாள் யாருடைய பிறந்தநாள் கேக்குக்கோ கீழே போட்டோ போய்விட்டது. மகள் அங்கேயும் இல்லை.

பிறகுதான் என் வலைப்பூவைப் படித்துப் பார்த்தான்.

"மாமா, இதுல அக்கா எங்க? இது என்ன சர்ச் நோட்டீஸ் போர்டா? யாரோ ஒரு சகோதரின்னா உங்க பொண்ணு எப்படி ஓடி வருவா?"

அப்போதே வலைப்பூவைத் திறந்தேன். 'அந்தச் சகோதரி உன் அம்மாதான். அப்பா தப்புப் பண்ணிவிட்டேன். உடனே வா' என்று எழுதிக் கடை நம்பரைப் போட்டேன். ஒரு மணி நேரத்தில் போன் அடித்தது.

"அன்னிக்கே படிச்சேன்ப்பா. தினம் பாத்துட்டுத்தான் இருக்கேன். வீட்ல எல்லாரும் நலமான்னு கேட்டது நான்தான். நீங்க ஆசீர்வாதம்னு போட்டீங்க. சரி, அம்மா நல்லாத்தான் இருக்குன்னு..." எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டாள்.

இந்தக் காலத்தில் வலைப்பூவை யார் படிக்கிறார்கள் என்று இப்போதும் என்னிடம் கேட்கிறார்கள். ஒருத்தி தினமும் படித்தாள். நான்தான் அவளுக்குப் புரிகிற மாதிரி எழுதவில்லை.

தாம்பரம் ஆஸ்பத்திரிக்கு அவள் வந்து சேர்ந்தபோது மனைவிக்கு முழுவதும் நினைவு போயிருந்தது. "அம்மா, நான் வந்துட்டேம்மா" என்று காதோடு சொல்லிக்கொண்டே இருந்தாள். கர்த்தாவே, ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் இவளைக் கண் திறக்கப் பண்ணும் என்று கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். அவள் திறக்கவில்லை.