கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த டவுசர்

இசைவாணிக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். கிளியனூரில் அவளைத் தெரிந்தவர்கள் அந்தத் தாழ்ந்த குரலைக் கேட்டதுமே இடத்தைக் காலி பண்ணிவிடுவார்கள். விழுப்புரத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த விருத்தாசலத்துக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை.

2014இல் அவளுக்கு முப்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. திண்டிவனத்தில் ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் டைப் அடிக்கும் வேலை. பஸ்ஸை நம்பாமல் தினமும் சைக்கிளிலேயே போய் வருவாள். முந்தின வருஷம் பெண்களுக்கான சைக்கிள் பந்தயம் ஒன்றில், முன்னால் கூடை வைத்த லேடீஸ் சைக்கிளோடு இறங்கி, கியர் சைக்கிள்காரிகளில் பாதிப் பேரைப் பின்னுக்குத் தள்ளினாள். அந்த ருசி விடவில்லை. புதுச்சேரியில் ஒரு கல்லூரி மாணவன் விற்ற பழைய ரேஸ் சைக்கிளை வாங்கினாள். வேகம் கிடைத்தது. அந்த ஒடுக்கமான சீட்டில் தொடையிடுக்கில் கொப்புளமும் கிடைத்தது. நாள் முழுக்க உட்கார்ந்தே செய்கிற வேலை. யாரிடம் போய்ச் சொல்ல?

பந்தயத்தில் மற்ற பெண்கள் உள்ளே மெத்தை வைத்துத் தைத்த டவுசர் போட்டிருந்தது நினைவுக்கு வந்தது. ஒரு சனிக்கிழமை விழுப்புரம் போனாள். விருத்தாசலம் கடையில் அது கண்ணாடிப் பெட்டிக்குள் தொங்கியது.

“ண்ணா, அந்த டவுசர எடுத்துக் காட்டுங்க.”

விருத்தாசலம் அவள் முகத்தைப் பார்த்தார், பிறகு அவள் செருப்பைப் பார்த்தார்.

“அது மூவாயிரத்துச் சொச்சம்மா. ஆபீசர் வூட்டு ஆளுங்க கேக்கறாங்கன்னு வாங்கி வச்சிருக்கேன். ஒனக்கு எதுக்கு அது? இந்த ஸ்பாஞ்சு சீட் கவர மாட்டிக்கோ. முந்நூறு ரூபாதான், மெத்துன்னு இருக்கும்.”

அந்த விலை அவளுக்கும் அதிகமாகத்தான் பட்டது. கவரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

உட்காரும்போது மெத்தென்றுதான் இருந்தது. ரோட்டில் மிதிக்கத் தொடங்கியதும் கவர் இந்தப் பக்கம் நழுவியது, அந்தப் பக்கம் நழுவியது. நழுவும்போதெல்லாம் புண்ணைத் தேய்த்தது. கொப்புளம் சீழ் கட்டிக் காய்ச்சல் வந்து அவள் குப்புறப் படுத்துக் கிடந்தாள். அச்சகத்தில் சம்பளம் பிடித்தார்கள். அந்த வருஷப் பந்தயத்துக்குப் பேர் கொடுக்கும் தேதியும் போனது.

நடக்க முடிந்த முதல் நாளே பஸ் ஏறி விழுப்புரம் போனாள். கவரை மேசைமேல் போட்டாள்.

“இத உங்க சைக்கிள்ல மாட்டிக்கினு கோலியனூர் வரைக்கும் போய்ட்டு வாங்க. நான் இங்கயே நிக்கறேன்.”

“இன்னாம்மா பேஜாரு பண்ற? யூஸ் பண்ண பொருளுக்குப் பணம் தர முடியாது.”

“பணம் கேக்கல. அன்னிக்கி நான் டவுசர் கேட்டேன். நீங்க எடுத்தே காட்டல. இவளால வாங்க முடியாதுன்னு நீங்களே எப்பிடி முடிவு பண்ணீங்க? என் மூஞ்சில எழுதி ஒட்டியிருக்குதா?”

“ஒன் நல்லதுக்குத்தாம்மா சொன்னேன்...”

“என் நல்லது எனக்குத் தெரியும். எடுங்க அத.”

குரல் அடிக்கிணற்றுக்கு இறங்கியிருந்தது. விருத்தாசலம் பெட்டியைத் திறந்தார். திறந்ததும் அவருக்குள் இருந்த வியாபாரி விழித்துக்கொண்டார். டவுசரோடு கையுறை, பெடலில் பூட்டிக்கொள்கிற ஷூ, முதுகில் பை வைத்த பனியன் என்று மேசையை நிரப்பினார்.

“செட்டா வாங்கினாத்தாம்மா பிரயோஜனம்.”

“அன்னிக்கி எதுவுமே எனக்கு வாணாம்னீங்க. இன்னிக்கி எல்லாமே வேணுமா?”

புது செல்போனுக்கென்று சேர்த்த பணத்தில் டவுசரை மட்டும் வாங்கினாள்.

வீட்டில் அம்மா சவுரியம்மாள் பிடித்துக்கொண்டாள். “மூவாயிரத்துக்கு அரைக்கால் டவுசரா? அதுவும் வெளிய தெரியாம சுடிதாருக்குள்ள போட்டுக்கவா?”

புண் ஆறியதும் இசைவாணி அதைப் போட்டுக்கொண்டு திண்டிவனம் போய்த் திரும்பினாள். எங்கும் எரியவில்லை, எங்கும் உரசவில்லை. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் சைக்கிளை உதைத்துத் தள்ளுகிற அளவுக்குக் கோபம் வந்தது. பொருள் மட்டமாக இருந்திருந்தால் ஏமாற்றுக்காரர்கள் என்று திட்டிவிட்டு மனசு ஆறியிருக்கும். இது கொடுத்த காசுக்குத் தகும். தகும் என்று தெரிந்த ஆள்தான் உனக்கெதற்கு என்று கேட்டிருக்கிறார்.

“நல்லாத்தாம்மா இருக்குது. அதான் வயிறு எரியுது” என்றாள்.

சவுரியம்மாள் டவுசரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “அப்ப ரெண்டா வாங்கியிருக்க வேண்டியதுதான? தொவைக்கிற அன்னிக்கி இன்னாடி பண்ணுவ?”

அடுத்த வருஷப் பந்தயத்தில் நாலாவதாக வந்தாள். மேடை மூன்று பேருக்குத்தான். அதற்கும் கோபப்பட்டாள். ஆனால் அதற்குப் பிறகு சைக்கிள் சாமான் வாங்கப் போகிற பெண்கள் அவளையும் இழுத்துக்கொண்டு போகத் தொடங்கினார்கள். எடை குறைவான பாட்டில் தாங்கி ஒன்றுக்கு ஒரு கடைக்காரர் இரண்டாயிரம் சொன்னபோது, “எடை கொறையணும்னா தண்ணிய பாதி ஊத்திக்கிறோம்” என்று திருப்பி வைத்தாள்.

அவளோடு சேர்ந்து சைக்கிள் ஓட்டும் கோலியனூர் டீச்சர் வெனிலா மட்டும் அவள் பேச்சைக் கேட்காமல் விலை கூடிய கூலிங்கிளாஸ் ஒன்றை வாங்கிவிட்டாள். “வெறும் பகட்டுக்குக் காசக் கொட்ற” என்று சொல்லிவிட்டு, இசைவாணி அவளோடு பேச்சையே நிறுத்தினாள்.

சேர்ந்து ஓட்டுவது மட்டும் நிற்கவில்லை. ஒரு மாலை, பைபாஸில் மணல் லாரி ஒன்று கடந்ததும் இசைவாணி கண்ணில் நீர் கொட்ட ஓரமாக நின்றுவிட்டாள். முன்னால் போன வெனிலா திரும்பி வந்து, தன் கூலிங்கிளாஸைக் கழற்றி நீட்டினாள். இசைவாணி முறைத்துக்கொண்டே வாங்கி மாட்டினாள். அடுத்த லாரி போனது. கண்ணில் ஒரு தூசிகூட விழவில்லை.

“எப்பிடி இருக்குது?” என்று வெனிலா கேட்டாள்.

“பேசாம ஓட்டுடி” என்றாள் இசைவாணி, தாழ்ந்த குரலில். கண்ணாடியைத் திருப்பிக் கொடுக்கவில்லை.