இருபது மீட்டரில் ஒரு குடும்பச் சண்டை

ஹாம் ரேடியோ லைசென்ஸ் கைக்கு வந்த வாரமே திருப்பதியில் எங்கள் வீட்டு ஓனரிடம் போய், மொட்டை மாடியில் ஆன்டெனா கட்ட அனுமதி கேட்டேன். வீட்டிலிருந்தபடியே ஊர் பேர் தெரியாத ஆட்களோடு உலகம் முழுக்கப் பேசலாம், அரசாங்கமே அனுமதித்த பொழுதுபோக்கு என்றெல்லாம் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஒத்து பாபு, வேணாம். கம்பி கட்டினா இடி வரும். இடி வரலன்னா போலீஸ் வரும்" என்றார். ரேடியோ பெட்டி விலையை விசாரித்தபோது, அவர் சொன்னது எனக்கும் நியாயமாகவே பட்டது.

அப்போதுதான் கம்ப்யூட்டரிலேயே ஓடும் ரேடியோ ஒன்று கிடைத்தது. திரையில் ரேடியோவின் படம் வரும். மவுஸால் குமிழைத் திருப்பினால் முள் நகரும். இருபது மீட்டர், நாற்பது மீட்டர் என்று நிஜ ரேடியோவில் இருக்கும் அலைவரிசைகள் எல்லாம் அதிலும் உண்டு. குரல் போவதும் வருவதும் இன்டர்நெட்டில்தான். ஆனாலும் ரேடியோ மாதிரியே இருக்க வேண்டும் என்பதற்காக இரைச்சலைத் தனியாகத் தயாரித்துச் சேர்த்திருந்தார்கள். ஆள் தூரத்தில் இருந்தால் குரல் தேயும்.

என் மனைவி ஒரு நாள் பின்னால் நின்று கேட்டுவிட்டு, "இன்டர்நெட்ல பேசினா சுத்தமா கேக்குமே. இந்த இரைச்சல் எங்கிருந்து வருது?" என்றாள்.

"அவங்களே போட்டது."

"இதுக்கா மாசாமாசம் பில் கட்டிக்கினு இருக்கோம்?"

நான் நகரியில், விசைத்தறி ஓடும் வீட்டில் பிறந்தவன். இரைச்சலுக்கிடையே பேச்சைப் பிரித்தெடுப்பது எங்கள் வம்சத்துக்கே வரும் கலை. அதை அவளிடம் சொல்லிப் புண்ணியமில்லை. சித்தூரில் நிஜ ரேடியோ வைத்திருந்த பெரியவர் ஒருவர் அவளைவிட மோசம். "பிளாஸ்டிக் மாங்காயத் துன்னுட்டு ருசி எப்படின்னு என்கிட்ட வந்து சொல்றியா?" என்றார்.

வெள்ளிக்கிழமை எனக்கு ஜவுளிக் கடையில் அரை நாள்தான் வேலை. அப்படி ஒரு மதியம் குவைத்திலிருந்து ஒருவர் கிடைத்தார். அவரும் நானும் புத்தகத்தில் படித்த இங்கிலீஷில் சிக்னல் எப்படி, வெயில் எப்படி என்று கண்ணியமாக விசாரித்துக்கொண்டிருந்தோம். நடுவில் அவர், பேசும்போது அழுத்த வேண்டிய பட்டனை விட மறந்துபோய், யாரையோ பார்த்து, "டேய், பால் பொங்கிக்கினு போவுது, இன்னாடா பாத்துக்கினு கீற?" என்றார்.

அவர் விட்டதும் நான் பட்டனை அழுத்தி, "நைனா, எந்த ஊரு?" என்றேன்.

"வடமாலபேட்டை" என்று வந்தது.

எங்கள் ஊருக்குப் போகும் பஸ் அவர் ஊர் வழியாகத்தான் போகும். அதன் பிறகு வெள்ளிக்கிழமைதோறும் பேசினோம். அவர் ஏசி மெக்கானிக். வீட்டுக்குப் போன் செய்தால் ஸ்கூல், சீட்டு, நாத்தனார் என்று வரிசையாக வருமாம். "இங்க சிக்னல் எப்படின்னு மட்டும்தான் கேக்கறாங்க. எவ்ளோ நிம்மதி" என்பார். ஒருமுறை நகரிக்குப் போகும் வழியில் நான் அவர் வீட்டில் இறங்கி, நலமாக இருக்கிறார் என்று சொல்லிவிட்டும் வந்தேன்.

அப்படித்தான் அவர் மனைவிக்கு நான் வேலை செய்யும் கடை தெரிந்திருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை அங்கே வந்து நின்றார்.

"அண்ணா, அவரு போனே எடுக்கறதில்ல. உங்ககிட்ட பேசறாரா?"

"போன வாரம்கூட பேசினாரும்மா. நல்லாத்தான் கீறாரு. மணல் காத்து அடிக்குதுன்னு சொன்னாரு."

சொன்ன பிறகுதான் அந்தம்மாவின் முகத்தைப் பார்த்தேன்.

"உங்ககிட்ட மணல் காத்து சொல்ல நேரம் கீது அவருக்கு" என்றார்.

வீட்டுக்கு அழைத்துப் போனேன். என் மனைவி காபி கொடுத்தாள். இருபது மீட்டரில் குவைத்காரர் ஒரு ஸ்வீடன்காரரிடம் அவர் ஊர்ப் பனியைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். அழுத்தினால் பேசலாம், விட்டால் கேட்கலாம் என்று ஸ்பேஸ் பாரைக் காட்டினேன். அந்தம்மா அழுத்தினார்.

"யோவ், நான்தான். வெள்ளக்காரன் வூட்டுப் பனியப் பத்தி உனுக்கு இன்னா? உன் பொண்ணுக்கு ஜொரம் வந்து போச்சே, தெரியுமா உனுக்கு? உங்க அம்மா காலு வீங்கி நடக்க முடியாம கீறாங்களே, அது தெரியுமா?"

விரல் பட்டனை விட்டு நகரவே இல்லை.

"கைய எடுத்தாத்தாம்மா அவரு பேச முடியும்" என்றேன்.

"அவரு அப்பறம் பேசட்டும்."

என் மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். "நல்ல மெஷினாத்தான் இருக்குது" என்றாள். அந்த ரேடியோவைப் பற்றி அவள் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது.

ஒருவழியாக விரல் எழுந்தது. முதலில் கேட்டது ஸ்வீடன்காரரின் குரல். மேடம், உங்கள் சிக்னல் மிகப் பிரமாதம், ஒரு சொல்கூடத் தவறாமல் கேட்கிறது என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு விலகிக்கொண்டார். அப்புறம் அந்தம்மாவின் கணவர் குரல்.

"கம்பெனி மூடிட்டாங்க. வேல போச்சு. ஓவர்."

"இன்னா ஓவர்?" என்று அந்தம்மா என்னைக் கேட்டார்.

"பேசி முடிச்சிட்டேன்னு அர்த்தம்."

மறுபடி அழுத்தினார். "இன்னும் முடியல. எப்ப போச்சு?"

"ரம்ஜானுக்கு முந்தியே. பாஸ்போர்ட்டு அவங்ககிட்டயே கீது. பிரண்டு ரூம்ல கீறேன். உன்கிட்ட எப்படி சொல்றதுன்னு தெரியல."

அந்தம்மா திரையில் இருந்த ரேடியோ படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து ஜன்னல் பக்கம் போனேன். பின்னால் அந்தம்மா மறுபடி ஸ்பேஸ் பாரை அழுத்தும் சத்தம் கேட்டது.

"சோறு துன்னியா?"

"துன்னேன்."

"வந்துடு. பலமனேர்ல பால் குளிர வெக்கிற சென்டர்ல மெக்கானிக் வேணும்னு எங்கண்ணன் சொல்லிக்கினே கீது. ஒரு மானமும் போவல. வந்துடு."

பாஸ்போர்ட் கிடைத்து அவர் வந்து சேர மாதங்கள் ஆயின. இப்போது பலமனேரில் அந்த வேலையில்தான் இருக்கிறார். அவர் வந்து இறங்கிய அன்று சென்னை விமான நிலையத்துக்கு அவர் மனைவியோடு நானும் காரில் போயிருந்தேன். அத்தனை வெள்ளிக்கிழமைகள் வாய் ஓயாமல் பேசிய நாங்கள் நேரில் பார்த்ததும் மாட்டுச் சந்தையில் நிற்பவர்களைப் போல ஒருவரையொருவர் மேலும் கீழும் பார்த்துக்கொண்டோம்.

"நீங்க இன்னும் உயரமா இருப்பீங்கன்னு நெனச்சேன்" என்றார்.

"நானும் உங்கள அப்படித்தான் நெனச்சேன்."

திரும்பும் வழியில் திருத்தணி தாண்டி, நகரியில் இட்லி சாப்பிட வண்டியை நிறுத்தினோம். அவர் தலை நிமிராமல் சாப்பிட்டார். அந்தம்மா தன் தட்டில் இருந்ததையும் எடுத்து அவர் தட்டில் வைத்தார். சாப்பிட்டுக் கை கழுவும் வரை குவைத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.