வரிசை தப்பிய சீட்டு

மாதக் கடைசி சனிக்கிழமை சந்தவாசல் பஸ்ஸில் ஏறும் தசரதன், மடியில் இருக்கும் மஞ்சள் பையை யாரிடமும் கொடுக்க மாட்டார். தலைக்கு மேலே தட்டில் வைக்க மாட்டார், காலடியிலும் வைக்க மாட்டார். கண்டக்டர் எல்லப்பனுக்கு இது பழகிப்போன வேடிக்கை.

"இன்னா சார், பொண்ணுக்கு நகை எடுத்துகினு போறீங்களா?"

"சீட்டுப்பா. வெறும் சீட்டு."

அது உண்மைதான். ஆரணியில் ஒரு பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் அவர் எழுத்தர். அந்த மாதத்துச் சீட்டுகளின் இரண்டாவது படிதான் பையில் இருப்பது. ஊரில் அவர் வீட்டு டிரங்குப் பெட்டி அதற்காகவே ஒழித்து வைக்கப்பட்டிருக்கிறது. மனைவி பாஞ்சாலையின் கல்யாணப் புடவை வெளியே கொடியில் தொங்கத் தொடங்கி ஏழு வருடம் ஆகிறது. கேட்டால், "ஆரணியில நெருப்பு புடிச்சா சந்தவாசல்ல ஒண்ணு இருக்கும். ரெண்டு ஊரும் ஒரே நாள்ல எரியாது" என்பார்.

சங்கத்தில் ஆயிரத்துச் சொச்சம் உறுப்பினர்கள். யாருக்கு எந்த எண், எந்தத் தெரு, எத்தனை தறி என்று எல்லாம் ஒரு பெரிய பதிவேட்டில் இருக்கும். தெரு மாறினால் ஒரு சீட்டு, தறி நின்றால் ஒரு சீட்டு, ஆள் இறந்தால் ஒரு சீட்டு. சீட்டைப் பார்த்துப் பதிவேட்டைத் திருத்திவிட்டுக் கம்பியில் குத்திவிட வேண்டும். மற்றவர்கள் அதோடு மறந்துவிடுவார்கள். தசரதன் ஒவ்வொரு சீட்டின் தலையிலும் நனைந்தாலும் அழியாத காப்பிங் பென்சிலால் வரிசை எண் போடுவார். ஓர் எண்கூட விட்டுப்போகக் கூடாது.

மாதம் ஒருமுறை ஒத்திகை. பதிவேட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியைச் செயலாளர் ஜெயவேலிடம் கொடுத்துவிடுவார். பதிவேடு தொலைந்துபோனதாக நினைத்துக்கொள்ள வேண்டும். வருடா வருடம் மார்ச்சில் பதிவேட்டை முழுதாக நகலெடுப்பது வழக்கம்; போன மார்ச்சில் எடுத்ததை விரித்துக்கொண்டு உட்காருவார். பியூன் சின்னக்கண்ணு கம்பியிலிருந்து சீட்டுகளை முதலிலிருந்து படிக்க, இவர் ஒவ்வொரு மாற்றமாக எழுதிக்கொண்டே வருவார். முடிந்ததும் பீரோவைத் திறந்து இரண்டையும் ஒப்பிடுவார். ஓர் எழுத்து மாறினாலும் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது.

"தொலையாத புக்கை மாசா மாசம் தேடுறாருபா மனுசன்" என்று ஜெயவேல் சிரிப்பார். தசரதன் சிரிப்பதில்லை.

ஏனென்றால் அது ஒருமுறை தொலைந்திருக்கிறது. எழுபத்தேழு கார்த்திகை மழையில் ஓடு சரிந்து, பீரோவுக்குள் தண்ணீர் இறங்கி, பதிவேடு ஊறிய அவலாகிப்போனது. மார்ச் நகல் ஜெயவேல் வீட்டில் பத்திரமாக இருந்தது. ஏப்ரலிலிருந்து சேர்ந்த முந்நூறு சீட்டுகள் கம்பியோடு நனைந்திருந்தன. நெசவாளர் குடியிருப்பில் வீடு கொடுக்கப் பத்து நாளில் பட்டியல் கேட்டிருந்தார்கள். ஜெயவேல், "ஜல்தியா ஆவட்டும் தசரதா" என்று பின்னாலேயே நின்றார்.

மழை விட்ட காலையில் தெருவில் பாவு நூலை நீட்டிக் காய வைக்கிற கயிற்றை இரவல் வாங்கி, சங்கத்து வாசலிலிருந்து தெருமுனை வரை சீட்டுகளை வரிசையாகத் தொங்கவிட்டார். பழைய சீட்டு வாசலில், புதியது முனையில். வெயில் முதலில் விழுந்தது முனையில்தான். பாவு காய வைக்கிறவர்கள் காய்ந்த பக்கத்திலிருந்து சுருட்டிக்கொண்டு வருவார்கள். பார்த்துப் பார்த்துப் பழகிய கை, தசரதனும் அப்படியே எடுத்தார். எடுக்க எடுக்க நகலில் ஏற்றிக்கொண்டே வந்தார். தேதி முத்திரையின் மை கரைந்துபோயிருந்ததால், கடைசியில் நடந்தது முதலில் ஏறுவது அவர் கண்ணில் படவில்லை.

412 பலராமன் என்ற நெசவாளரின் எண். ஆடியில் அவர் இறந்ததும் அவர் பெயரை நீக்க ஒரு சீட்டு. ஆவணியில் அதே எண்ணில் மனைவி உண்ணாமலையைச் சேர்க்க ஒரு சீட்டு. தலைகீழாக எடுத்ததில் உண்ணாமலை முதலில் சேர்ந்தாள், அப்புறம் நீக்கப்பட்டாள். தசரதன் எண்ணைத்தான் பார்த்து அடித்தார், பெயரைப் படிக்கவில்லை.

இப்படி எடுத்ததில் பதினோரு பேருக்குத் தப்பு நேர்ந்தது. பத்துப் பேர் வந்து சத்தம் போட்டார்கள், திருத்தினார். உண்ணாமலை சத்தம் போடத் தெரியாதவள். மேஜைக்கு எதிரே நின்று, "என் பேரு எய்தினீங்களே சார், நீங்கதான் எய்தினீங்க" என்றாள். தசரதன் புதிதாகக் கட்டிய பதிவேட்டைத் திருப்பி அவளிடமே காட்டினார். "புக்ல இல்லம்மா. நான் இன்னா பண்ணட்டும்?" படிக்கத் தெரியாத அவள் அந்தப் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனாள். சங்கத்தில் இல்லாதவளுக்கு நூல் கிடையாது, வீடும் கிடையாது. தை மாதம் தறியை விற்றுவிட்டுக் களம்பூர் அரிசி ஆலைக்கு வேலைக்குப் போய்விட்டாள். மார்ச்சில் நகல் எடுக்கச் சீட்டுகளை உறுப்பினர் எண்படி அடுக்கியபோதுதான் 412இன் இரண்டு சீட்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. அன்றைக்குத் தசரதனுக்கு வந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

பதிவேட்டில் அவள் பெயரை மறுபடி எழுதினார். அதற்குப் பிறகுதான் வரிசை எண், இரண்டாவது படி, ஒத்திகை எல்லாம். எண்பத்து மூன்றில் கரையான் பதிவேட்டைத் தின்றபோது ஒன்றரை நாளில் ஒரு பிழையில்லாமல் கட்டியெழுப்பினார். வேலூரிலிருந்து வந்த அதிகாரி கையைப் பிடித்துக் குலுக்கினார். தசரதன், "ஆறு வருசம் லேட்டுங்க" என்றார். அதிகாரிக்குப் புரியவில்லை.

களம்பூருக்கு மட்டும் போக அவருக்குத் தைரியம் வரவில்லை. ஒவ்வொரு மார்ச்சிலும் 'உண்ணாமலை, தறி ஒன்று' என்று அப்படியே நகலெடுத்தார். எல்லா வீட்டுக்கும் தறி பார்த்துவர ஆள் அனுப்புகிறவர் 412க்கு மட்டும் அனுப்பவில்லை. அவர் செய்த ஒரே திருட்டுத்தனம் அது. இந்த வருடம், எண்பத்தைந்தில், குடியிருப்பில் இன்னும் இருபது வீடு வருகிறது என்றதும் விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஆலைக் களத்தில் உண்ணாமலை காலால் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தாள். தலை நரைத்திருந்தது. அடையாளம் தெரிந்துகொண்டு, நிழலில் நிற்கச் சொன்னாள். அவர் அந்த இரண்டு சீட்டுகளின் கதையையும் சொன்னார், திக்கித் திக்கித்தான் சொன்னார்.

"தப்பு என்னுதும்மா. இப்ப உன் பேரு புக்ல கீது. இதுல ஒரு கைநாட்டு வெச்சா போதும்."

"தறி இருக்கிறவங்களுக்குத் தானேங்க ஊடு?"

"உன் தறியும் புக்ல கீதும்மா."

உண்ணாமலை சிரித்தாள். அவள் கோபப்பட்டிருந்தால்கூட அவருக்குத் தேவலை என்று இருந்திருக்கும்.

"புக்ல கீது. ஊட்ல இல்லீங்களே. அன்னைக்கு நான் எதிர்க்க நின்னன், புக்ல இல்லன்னீங்க. இப்ப தறி இல்ல, புக்ல இருக்குதுன்றீங்க. வேணாங்க. அடிச்சுடுங்க. அது யாராவது நெய்யறவங்களுக்குப் போவட்டும்." நெல் காய்ந்துகொண்டிருந்தது. அவள் திரும்பக் களத்துக்குப் போய்விட்டாள்.

மறுநாள் சங்கத்தில் சீட்டு எழுத வேண்டியிருந்தது. உறுப்பினர் வாயால் சொன்னதைச் சீட்டாக்காமல் விடக் கூடாது என்பது அவரே போட்ட சட்டம். '412. தறி நின்றது. பெயர் நீக்குக' என்று எழுதினார். தலையில் 2117 என்று வரிசை எண் போட்டார். கம்பிவரை கொண்டுபோனார்.

அந்த மாத ஒத்திகையில் சின்னக்கண்ணு படித்துக்கொண்டே வந்து நிறுத்தினார். கம்பியை மேலும் கீழும் பார்த்தார்.

"பதினாறுக்கு அப்புறம் பதினெட்டு வருது சார். பதினேழக் காணோம்."

தசரதன் தலை நிமிரவில்லை. இடது கை மட்டும் எழும்பிச் சட்டைப் பையின் மேல் படிந்தது.

"கீதுப்பா. நீ அடுத்ததைப் படி."