வரப்பில் நின்ற எலுமிச்சைப் புல்

அன்று காலை வீட்டில் இருந்தது நான், அம்மா, பிரசவத்துக்கு வந்திருந்த அக்கா. அப்பா இல்லை; மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலைக்கு விதை வாங்கத் திண்டிவனம் போயிருந்தார்.

அக்காவுக்குச் சளி. மாத்திரை வேண்டாம் என்றாள். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்; படிப்பது வேதியியல். எலுமிச்சைப் புல்லில் சிட்ரல் என்றொரு பொருள் இருக்கிறது, அந்த வாசனையே அதுதான், கிருமிகளை அடக்கும் என்று வாரக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா கரும்புக் கொல்லை வரப்பிலிருந்து ஒரு பிடி அறுத்து வந்து கொதிக்க வைத்தாள்.

அக்கா டம்ளரைக் கீழே வைத்த பிறகுதான் அம்மா சாதாரணமாகச் சொன்னாள்: "வரப்புல கோரையெல்லாம் வாடிக் கெடக்குது. முந்தாநாளு உங்கப்பா களைக்கொல்லி அடிச்சாரு இல்ல?"

உடனே கூப்பிட்டுப் பார்த்தேன். அப்பாவின் போன் அணைந்திருந்தது. அக்கா வயிற்றில் கை வைத்து, குழந்தை அசைகிறதா என்று பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஆட்டோ பிடித்து விழுப்புரம் கிளம்பினோம். வயிறு எரிகிறதா என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தேன்.

"நீ கேக்கறதுலதான்டா எரியுது" என்றாள்.

என்ன மருந்து அடித்தது என்று டாக்டரம்மா கேட்டார். தெரியவில்லை. அக்காவை ஸ்கேனுக்கு அனுப்பிவிட்டு வெளியே நின்றபோது அப்பா கூப்பிட்டார். போனை டீக்கடையில் சார்ஜ் போட்டிருந்தாராம். விஷயத்தைச் சொன்னேன்.

"அந்தப் புல்லு மேல யூரியா சாக்கப் போட்டு மூடிட்டுதான்டா அடிச்சேன். உங்கக்கா வந்திருக்குது, டீ கேக்குமேன்னு."

அம்மாவிடம் கேட்டேன். சாக்கு இருந்தது என்றாள். ஆடு மேயாமல் இருக்க மூடியிருக்கிறார் என்று நினைத்து, எடுத்துப் போட்டுவிட்டு அறுத்தாளாம்.

ஸ்கேனில் குழந்தை நன்றாக இருந்தது. இருந்தாலும், அப்பா சொன்ன மருந்தின் பெயரைக் கேட்டுவிட்டு இரண்டு நாள் கவனமாகப் பார்க்கச் சொன்னார் டாக்டரம்மா. சிட்ரலைப் பற்றியும் கேட்டேன்.

"அந்த ஆராய்ச்சியெல்லாம் பெரும்பாலும் கண்ணாடித் தட்டுலயும் எலிங்க மேலயும் பண்ணது, தம்பி. புள்ளத்தாச்சிக்கு எவ்ளோ தாங்கும்னு யாருக்கும் சரியா தெரியாது. பிரசவம் ஆகட்டும், அப்புறம் குடிக்கட்டும்."

திரும்பும்போது அக்கா தூங்கிவிட்டாள். சாக்குக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்திருக்கக்கூடிய புல் நுனிகளைப் பற்றியே நான் யோசித்துக்கொண்டு வந்தேன். ஆட்டோ, டாக்டர், ஸ்கேன் எல்லாம் சேர்த்து அன்று எங்களுக்கு ஆனது இரண்டாயிரத்து முந்நூறு ரூபாய்.