அக்காவின் வயலினில் ஒட்டிய தகடு

எங்கள் கத்தோலிக்கக் கோயிலில், பூசைக்கு வந்தவர்கள் நற்கருணை வாங்க வரிசையாகப் போகும்போது கீபோர்டு இசை நின்றுவிடும். அக்கா மட்டும் வயலின் வாசிப்பார். அது நெடுநாள் வழமை. மின்விசிறிகளின் இரைச்சலில் முன்வாங்கில் இருப்பவர்களைத் தவிர யாருக்கும் அது கேட்பதில்லை. அக்காவுக்கு அதில் குறை இல்லை. குறை எனக்குத்தான். நான் ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர். என் கைவேலையை நாலு பேர் மெச்சி வெகுகாலமாகிவிட்டது.

பழுதான மணிக்கூடு ஒன்றைக் கழற்றி, அலாரத்துக்குள் இருந்த வட்டமான பித்தளைத் தகட்டை எடுத்தேன். நடுவில் வெள்ளைப் பூச்சு. அதிர்ந்தால் அதில் மின்சாரம் பிறக்கும். பித்தளையில் ஒரு வயரும் வெள்ளையில் ஒரு வயரும் ஈயத்தால் பற்றவைத்தேன். வெள்ளையில் சூடு கூடினால் பூச்சு உரிந்துவிடும். தொட்டதும் எடுத்துவிட வேண்டும். பிறகு தகட்டை டேப்பால் சுற்றி, தந்திகளைத் தாங்கும் குதிரைக்குப் பக்கத்தில் வயலின் மரத்தோடு ஒட்டினேன். சாதாரண மைக் காற்றில் வரும் ஒலியைப் பிடிக்கும். இது மரத்தின் அதிர்வைப் பிடிக்கும்.

வீட்டில் சின்ன ஒலிபெருக்கிப் பெட்டியொன்றில் செருகிப் பார்த்தோம். தோளில் வைத்த வயலினில் நாடியை ஊன்றியபடி அக்கா ஏதோ முணுமுணுத்தார். "இவனுக்கு வேற வேலையில்லை" என்று பெட்டி சொன்னது.

"ஐயோ, இதை வச்சுக்கொண்டு ஒருத்தரையும் மனசுக்குள்ள ஏசவும் ஏலாது போல" என்று சிரித்தார்.

பிறகு நான் ஹெட்போனைப் போட்டுக்கொண்டு வாசிக்கச் சொன்னேன். நீண்ட சுரங்களில் வில் நடுங்கியது. வெறும் காதுக்குக் கேட்காத நடுக்கம். வயரை மாற்றினேன், தகட்டை நகர்த்தினேன், அது போகவில்லை. கையிலிருந்து வருகிறது என்று விளங்கிவிட்டது.

"எப்பிடி?" என்று கேட்டார்.

"அருமை அக்கா."

திருவிழாவன்று வெளியே பந்தல் நிறையச் சனம். பெரிய பெட்டிகள் கட்டியிருந்தார்கள். தகட்டின் வயரை அவற்றோடு இணைத்துவிட்டு நான் ஒலிபெருக்கிக்காரருக்குப் பக்கத்தில் நின்றேன். அக்கா தொடங்கியதும் பின்னால் ஒரு குரல், "ஆச்சியின்ர வயலினுக்குக் குளிர்காய்ச்சல் போல" என்றது.

"கம்பளி போத்திவிடுங்கோடா" என்றான் இன்னொருவன். சிரிப்பு பரவியது.

ஒலிபெருக்கிக்காரர் என்னைப் பார்த்தார். "சேர், சத்தத்தைக் குறைக்கட்டோ?"

"வேண்டாம், விடுங்கோ."

நான் செய்த கருவி கடற்கரையில் உள்ள இறங்குதுறை வரை கேட்கிறது. அந்த நேரத்தில் எனக்கு அந்த நினைப்புத்தான் இருந்தது.

சிரிப்பு அக்காவுக்கும் கேட்டிருந்தது. வீட்டுக்கு வந்து குசினிக் கதிரையில் உட்கார்ந்து வலது கையை விரித்துப் பார்த்தார்.

"தம்பி, உள்ளதைச் சொல்லு. கையெண்டா நாளைக்கே ஆசுப்பத்திரிக்குப் போவம். உன்ர வயரெண்டா நீ திருத்து."

கை என்று சொன்னால் முதலே தெரியுமோ என்று கேட்பார். ஓம் என்று சொல்ல வேண்டிவரும்.

"வயர்தான் அக்கா" என்றேன்.

"வடிவாத் தெரியுமோ?"

"பௌதிகம் படிப்பிச்சவன் சொல்லுறன்."

அவர் நம்பினார். நான் சொன்னதால்தான் நம்பினார்.

அடுத்த ஞாயிறு தகட்டை ஒட்டினேன். வயரை ஒலிபெருக்கியில் செருகாமல் பின்பக்கம் சுருட்டி மறைத்தேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். யாரும் சிரிக்கவில்லை, பெரும்பாலானோருக்குக் கேட்கவுமில்லை. எனக்கு மட்டும் வில்லின் நுனி ஆடுவது தெரிந்தது. இப்படியான நடுக்கத்தை நேரத்தோடு வைத்தியரிடம் காட்ட வேண்டும் என்பது தெரியாதவனில்லை நான்.

பூசை முடிந்து ஆட்கள் கலைந்தபின் என்னிடம் வந்தார்.

"வெளியில கேட்டுதோ?"

"ஓம் அக்கா, நல்லாக் கேட்டுது."

"அந்த நடுக்கம்?"

"இல்லை."

"அப்ப ஆசுப்பத்திரி தேவையில்லை" என்று சொல்லி, தகட்டைக் கழற்றும்படி வயலினை என்னிடம் நீட்டினார். அவருடைய முகத்தில் அவ்வளவு ஆறுதல். நான் குனிந்து டேப்பை உரித்தேன்.